டப்பாவுக்குக் காசு உண்டு. கைக்குக் காசு இல்லையா?

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கையில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். சொந்தக் கதையைப் பத்திரிகையில் எழுதுவது பெருமைக்காக அன்று. மார்டள்ளியில் நடந்தது மைசூரிலும் பெங்களூரிலும் உள்ள நம்மவர் வீடுகளிலும் எந்த நாளும் நடக்கக் கூடியதே என்பதால் எழுதுகிறேன்.

பெங்களூரில் வேலை செய்யும் என் தம்பி, பண்டிகைக்கு ஊர் வந்தபோது பிள்ளைகளுக்காக அன்னாசிப் பழத்துண்டு டப்பா ஒன்று வாங்கி வந்திருந்தான். கேக்கின்மேல் வைப்பதற்கு என்று ஆசையாக வாங்கியது. மூடியில் இழுக்கிற வளையம் இல்லாத பழைய மாதிரி டப்பா. அதைத் திறக்க வீட்டில் கருவி எதுவும் கிடையாது. தம்பி மனைவி, எல்லா வீடுகளிலும் செய்வதைப் போலவே, கத்தி நுனியை மூடியில் வைத்து அம்மிக் குழவியால் தட்டித் துளையிட்டு, கத்தியை நெம்பி நெம்பிப் பாதி வட்டம் வந்துவிட்டார். பிறகு மூடியை விரலால் தூக்கினார். கத்தி வழுக்கியது. மூடியின் விளிம்பு உள்ளங்கையைக் கிழித்துவிட்டது.

மஞ்சளை அள்ளி வைத்துத் துணியைச் சுற்றினோம். ரத்தம் நிற்கவில்லை. இரவோடு இரவாக ஹனூர் வழியாகக் கொள்ளேகாலுக்கு வண்டி பேசிக்கொண்டு போனோம். டாக்டர் தையல் போட்டார். டெட்டனஸ் தடுப்பூசி போட்டார். காயம் ஆறிவிட்டது. ஆனால் சுண்டு விரல் இன்றைக்கும் முழுவதும் மடங்குவதில்லை. விரலை மடக்குகிற நரம்பு போன்ற நாண்கள் உள்ளங்கையில் தோலுக்கு அடியிலேயே ஓடுகின்றன. அவை அறுபட்டால் தோல் ஒட்டிக்கொண்டாலும் விரல் பழையபடி வேலை செய்யாது என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம். களை எடுக்கிற கை அது. ராகிக் களி கிண்டுகிற கை. அந்தக் கை எத்தனை நாள் கூலி இழந்தது என்ற கணக்கை நான் இங்கே எழுதப் போவதில்லை.

டப்பா வாங்கக் காசு இருந்தது; வண்டி வாடகைக்கும் காசு புரட்டினோம். டப்பாவைத் திறக்கும் கருவி வாங்க மட்டும் எங்களுக்குத் தோன்றவில்லை. இதைப் பற்றித்தான் இன்று வாசகர்களிடம் பேச விரும்புகிறேன்.

டப்பா முந்தியது, திறப்பான் பிந்தியது

இந்த அலட்சியம் நம்மோடு தொடங்கியது அல்ல. உணவைக் காற்றுப் புகாமல் அடைத்துக் கொதிக்க வைத்தால் கெடாது என்று கண்டறிந்து, 1810-ம் ஆண்டில் பிரெஞ்சு அரசின் பரிசைப் பெற்றவர் நிக்கோலா அப்பேர். அவர் பயன்படுத்தியவை கண்ணாடிப் புட்டிகள். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் என்பவர் தகர டப்பாவுக்கும் சேர்த்துக் காப்புரிமை பெற்றார். 1813-ல் லண்டன் அருகே பிரையன் டான்கின் என்பவரின் தொழிற்சாலை டப்பா உணவைச் செய்து கடற்படைக்கு அனுப்பியது. அந்த டப்பாக்களைத் திறப்பது எப்படி? உளியும் சுத்தியலும் கொண்டு உடைப்பதுதான் வழி.

லண்டனில் ராபர்ட் யேட்ஸ் என்பவர் டப்பா திறப்பதற்கென்றே ஒரு கருவியைக் கொண்டுவந்தது 1855-ம் ஆண்டில். அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் 1858-ல் இன்னொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். சுழலும் சக்கரத்தால் வெட்டும் கருவியை வில்லியம் லைமன் 1870-ல் செய்தார். டப்பாவின் விளிம்பைப் பல் வைத்துப் பிடித்துக்கொள்ளும் இரண்டாவது சக்கரம் 1925-ல்தான் வந்தது. இன்று கடைகளில் நாம் பார்க்கும் கருவிக்கு இதுவே மூதாதை. ஆக, டப்பா பிறந்து அதற்கென ஒரு கருவி பிறக்க 45 ஆண்டுகள். அந்தக் கருவி ஒழுங்கான உருவம் பெற நூறு ஆண்டுகளுக்கும் மேல். அடைத்து விற்பவனுக்கு இருந்த அக்கறை, திறந்து உண்பவனின் கையைப் பற்றி நீண்ட காலம் இருக்கவில்லை.

ஒரே ஒரு இடத்தில் அந்த அக்கறை வந்தது. 1942-ல் அமெரிக்க ராணுவம், கட்டைவிரல் நீளமே உள்ள மடக்குத் திறப்பான் ஒன்றை உருவாக்கி, சிப்பாயின் உணவுப் பொட்டலத்துடனேயே சேர்த்துக் கொடுத்தது. போர்முனையில் சிப்பாயின் கை வெட்டுப்பட்டால் துப்பாக்கி பிடிக்க முடியாது என்ற கணக்கு அது. அடுக்களையில் இருக்கும் பெண்ணின் கைக்கும் அதே கணக்குப் பொருந்தும் என்பது என் வாதம்.

இதில் நம் மைசூருக்கும் சம்பந்தம் உண்டு. மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950-ம் ஆண்டு மைசூர் செலுவாம்பா மாளிகையில் தொடங்கப்பட்டது. எருமைப் பாலிலிருந்து குழந்தைகளுக்கான பால் பவுடர் செய்யும் முறையைக் கண்டது அந்த நிலையம்தான். ராணுவத்தினருக்கான உணவை ஆராயும் கூடம் 1961-ல் அதே நகரில் அமைந்தது. தகர டப்பாவுக்குப் பதிலாகக் கத்தரித்துத் திறக்கும் பையில் சமைத்த உணவை அடைக்கும் முறையை அங்கே வளர்த்தார்கள். உணவை அடைக்கும் விஞ்ஞானம் வளர்ந்த நகரம் மைசூர். 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டம் ஆகும் வரையில் மார்டள்ளியும் மைசூர் மாவட்டத்து ஊர்தான். ஆனால் அந்த விஞ்ஞானத்தின் கடைசிக் கண்ணியான திறக்கும் கருவி எங்கள் ஊர் அடுக்களைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

கடையில் நான் கண்டது

நான் மைசூரில் ஒரு பாத்திரக் கடையில் பல ஆண்டுகள் கணக்கு எழுதியவன். கருவி வாங்க வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவன். டப்பா திறக்கும் கருவியை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கம்பியில் தொங்குவதில் விலை குறைந்தது எதுவோ அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒருவரும் அதைக் கையில் பிடித்துத் திருகிப் பார்த்ததில்லை. நம் பாட்டிமார்கள் அரிவாள்மணை வாங்கும்போது இப்படியா வாங்கினார்கள்? பலகையில் உட்கார்ந்து பார்த்து, உயரம் சரியா, அலகு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனித்து, கொல்லரிடம் சொல்லித் திருத்தி வாங்கினார்கள். காலால் அழுத்திக்கொண்டு இரண்டு கையாலும் காய் நறுக்க வசதியாக அமைந்த கருவி அது. உடம்புக்கு ஏற்பக் கருவி என்ற அறிவு நம்மிடம் இருந்தது. தொழிற்சாலைச் சாமான் என்றதும் அந்த அறிவை ஏன் மறந்துவிடுகிறோம்?

கடையில் கிடைப்பவை மூன்று வகை. முதலாவது, கொக்கி மூக்கு வகை. மூடியில் குத்தி, நெம்பி நெம்பி முன்னேற வேண்டும். விலை மலிவு. ஆனால் வெட்டுவாய் ரம்பப் பல்லைப் போல் ஆகிவிடும்; தகரச் சிலும்பு உணவில் விழும். கத்தியை விட இது ஓரளவு தேவலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது, இரண்டு கைப்பிடியும் திருகு சாவியும் உள்ள சக்கர வகை. கைப்பிடிகளைச் சேர்த்து அழுத்தியதும் கூரான சக்கரம் மூடிக்குள் இறங்கும். பல் சக்கரம் விளிம்பைக் கீழிருந்து பிடித்துக்கொள்ளும். சாவியைத் திருகினால் டப்பா தானாகச் சுற்றிக்கொண்டே வெட்டுப்படும். பெரும்பாலான வீடுகளுக்கு இது போதும். குறை என்னவென்றால், வெட்டிய மூடி உள்ளே விழும். அதன் விளிம்பு கூராக இருக்கும். சக்கரமும் உணவில் படும்.

மூன்றாவது, பக்கவாட்டில் வெட்டும் வகை. டப்பாவின் மூடி உடலோடு எப்படி இணைந்திருக்கிறது என்பதைக் கவனித்தால் இதன் சூட்சுமம் விளங்கும். மூடியின் ஓரத்தையும் உடலின் ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து நசுக்கியிருப்பார்கள். இந்தக் கருவி அந்த மடிப்பின் வெளிப்புறத்தை மட்டும் வெட்டும். மூடி தொப்பியைப் போல் மேலே கழன்று வரும், உள்ளே விழாது. சக்கரம் உணவைத் தொடாது. விளிம்பில் கூரே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வெகு குறைவு. விலை அதிகம். குழந்தைகளும் வயோதிகர்களும் உள்ள வீட்டுக்கு அந்தக் கூடுதல் விலை தகும்.

பார்த்து வாங்க வேண்டியவை

முதலில் கைப்பிடி. மெல்லிய தகட்டுக் கைப்பிடி அழுத்தும்போது உள்ளங்கையில் பதிந்து வலிக்கும். தடிமனாக, வழவழப்பு இல்லாமல் இருக்க வேண்டும். ஈரக் கையோடு பிடித்தாலும் நழுவக் கூடாது. அடுக்களையில் கை எப்போது ஈரமில்லாமல் இருக்கிறது?

அடுத்து, திருகு சாவி. கடப்பாரை நீளமானால் பாறையைப் புரட்டுவது எளிது என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சாவிக்கும் அதே நியாயம்தான். சாவியின் அகலம் இரண்டு மடங்கானால் விரல் கொடுக்க வேண்டிய விசை பாதியாகும். மூட்டு வலி உள்ள தாய்மார்கள் சிறிய சாவியை வைத்துக்கொண்டு படும் பாட்டைப் பார்த்தால், இந்த ஒரு விஷயத்துக்காகவே கருவியை மாற்றச் சொல்வீர்கள்.

மூன்றாவது, சக்கரங்கள். கைப்பிடிகளைச் சேர்த்து அழுத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெட்டும் சக்கரமும் பல் சக்கரமும் நெருங்கி நிற்க வேண்டும். நடுவில் தாராளமாக இடைவெளி தெரிந்தால் அது பாதி வட்டத்தில் வழுக்கும். வழுக்கிய இடத்தில்தான் கத்தியை எடுப்போம், கை வெட்டுப்படும். சாவியைத் திருகினால் சக்கரம் தடுமாறாமல் சுற்ற வேண்டும். ஆணி அடித்த இடங்கள் ஆடக் கூடாது.

நான்காவது, உலோகம். எவர்சில்வர் சாமான் வாங்கும்போது காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டினால் மட்டம் என்று ஒதுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. வெட்டும் சக்கரத்துக்கு அந்தச் சோதனை பொருந்தாது. கூர் நிற்க வேண்டுமானால் சூடேற்றிக் கடினப்படுத்தக் கூடிய எஃகு வேண்டும்; துரு ஏறாத எஃகிலும் அந்த ரகம் காந்தத்தில் ஒட்டவே செய்யும். ஆகவே காந்தத்தை நம்பி நல்ல கருவியை ஒதுக்கிவிட வேண்டாம்.

ஐந்தாவது, இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள். கடையில் தொங்கும் கருவிகள் பெரும்பாலும் வலக்கைக்காரர்களுக்காகச் செய்யப்பட்டவை. இடக்கைக்காரர் வாங்குமுன் இரு விதமாகவும் பிடித்துப் பார்ப்பது நல்லது.

கடையில் 'டின் ஓப்பனர்' என்று கேளுங்கள். இரும்புக் கடையில் போய் 'டின் கட்டர்' என்று கேட்டால் தகரம் வெட்டும் கத்திரியைத் தூக்கிக் கொடுத்துவிடக் கூடும். கூடவே ஒரு டப்பாவும் வாங்கிக் கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை. பல்பு வாங்கினால் எரிய விட்டுப் பார்க்காமலா வாங்குகிறோம்?

வாங்கிய பின்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். திறக்குமுன் மூடியைக் கழுவ வேண்டும். கடைத் தூசியும் எலி ஓடிய அழுக்கும் அதன்மேல்தான் இருக்கும். திறந்த பின் சக்கரத்தைக் கழுவித் துடைத்து வைக்க வேண்டும். மீதி உணவை டப்பாவிலேயே விடாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். உப்பிப்போன டப்பாவை எந்தக் கருவியாலும் திறக்க வேண்டாம். தின்று பார்க்கவும் வேண்டாம். உள்ளே நச்சுக் கிருமி வளர்ந்திருக்கக் கூடும். அது உயிரையே வாங்கும். அப்படியே புதைத்துவிடுவதே நல்லது.

"வளைய மூடிதான் வந்துவிட்டதே!"

இப்படிச் சிலர் கேட்கலாம். டப்பாவோடு ஒட்டிய வளையத்தை இழுத்துத் திறக்கும் யோசனை அமெரிக்காவில் எர்மல் ஃபிரேஸ் என்பவருக்கு 1959-ல் தோன்றியது. இன்று டின் பாலும் மீன் டப்பாக்களும் பல அந்த மூடியோடு வருகின்றன. நல்ல மாற்றம்தான். ஆனாலும் வளையம் அறுந்து கையோடு வந்துவிட்டால் பழையபடி கத்திதான். இழுத்து எடுத்த மூடியின் விளிம்பும் கூரானதே. வயதானவர் விரலுக்கு அந்த வளையத்தைத் தூக்குவதே பெரும் பிரயத்தனம். வளையம் இல்லாத டப்பாக்களும் கடையில் இருக்கின்றன. வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் வருகிறவரின் பெட்டியில் எந்த மாதிரி டப்பா இருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

"வருஷத்துக்கு நாலு டப்பா திறக்க ஒரு கருவியா?" என்பது இன்னொரு கேள்வி. என் தம்பி மனைவியும் முன்பு ஒரு முறை, "ஒரு டப்பாவுக்காக ஒரு சாமான் வாங்கணுமா மாமா?" என்று என்னிடம் கேட்டதுண்டு. கணக்கு எழுதிப் பிழைத்தவனாக இருந்தும் அன்று எனக்குச் சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன். அடிக்கடி செய்கிற வேலையில் கை பழகிவிடும், கத்தியாலும் ஒப்பேற்றிவிடலாம். எப்போதோ ஒரு தரம் செய்கிற வேலையில்தான் கை பழகுவதில்லை. அங்கேதான் நல்ல கருவி அவசியம். சாதாரணமான சக்கர வகைக் கருவியின் விலை ஒரு நாள் கூலிக்குள் அடங்கும். ஒழுங்காகத் துடைத்து வைத்தால் பல ஆண்டுகள் உழைக்கும். அதுவும் முடியாது என்றால், பத்து வீடு சேர்ந்த மகளிர் சங்கம் ஒன்றை வாங்கித் தலைவி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பண்டிகைக்குப் பெரிய அண்டாவை இரவல் வாங்குகிறோம்; இதற்கு என்ன வெட்கம்?

உற்பத்தியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. டப்பாவைத் திறக்கும் விதத்தைப் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டால் எங்கள் ஊர்ப் பெண்மணிக்கு என்ன பயன்? தமிழ் படித்தவர், கன்னடம் படித்தவர், இரண்டும் படிக்காதவர் எல்லாரும் ஒரே ஊரில் வாழ்கிறோம். இரண்டு சிறிய படங்கள் போட்டால் எல்லாருக்கும் புரியும். அதற்கு ஒரு மொழிச் சண்டையும் வராது.

யார் வாங்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு என் பதில் சுருக்கமானது: எவர் கை பிடிக்கப் போகிறதோ அவரே வாங்க வேண்டும். சேலை எடுக்கப் பெண்களை அழைத்துப் போகிறோம். அடுக்களைச் சாமானை மட்டும் அடுக்களைக்குள் காலெடுத்து வைக்காத நாம் வாங்கி வருகிறோம். கொள்ளேகாலுக்கோ மேட்டூருக்கோ போகும்போது வீட்டுப் பெண்களையும் கடைக்குக் கூட்டிச் செல்லுங்கள். அவர்கள் பிடித்துப் பார்க்கட்டும், திருகிப் பார்க்கட்டும், வேண்டாம் என்றால் வைத்துவிட்டு வரட்டும். மகளுக்குச் சீர் வைக்கும்போது பத்துக் குடத்தில் ஒன்றைக் குறைத்து, இப்படிப்பட்ட கருவிகள் இரண்டை நல்லதாகப் பார்த்து வையுங்கள். குடம் பரணில் கிடக்கும்; கருவி கையைக் காக்கும்.

ஈஸ்டருக்கு முன்பு தம்பி மனைவியை மைசூருக்கு அழைத்துச் சென்றேன். நான் வேலை பார்த்த கடையிலேயே நான்கு ஓப்பனர்களை எடுத்துப் போட்டார்கள். மடங்காத சுண்டு விரலோடு ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். முதல் மூன்றையும் ஒதுக்கிவிட்டார். நான் நல்லது என்று எடுத்துக் கொடுத்ததும் அந்த மூன்றில் ஒன்று! சாவி அகலமாக இருந்த நான்காவதை வாங்கி வந்தோம். ஈஸ்டருக்கு அன்னாசி டப்பாவை அவரேதான் திறந்தார்.

காயம் பட்ட பிறகு வாங்கினோம் என்பதுதான் எங்கள் குறை. வாசகர்கள் அதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வேண்டுகோள்.